பாயசத்தில் ஊதுகிற சரக்கு, ஆறாத புண்ணுக்கும் மருந்து!

சர்க்கரை வியாதிக்காரர் காலில் ஒரு புண் வந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் கிலிதான். புண்ணில் நீர் வடியும். கட்டுத்துணி நனையும், மாற்றினால் மறுபடி நனையும். முற்றிப் போனால் விரல் போகும். சிலருக்குக் காலே போகும்!

இந்தப் புண்நீரைக் குடிக்க டாக்டர்கள் வைக்கும் மருந்துகளில் ஒன்று எதில் செய்தது தெரியுமா? மாவுச்சத்தில்! சேலம், நாமக்கல் ஆலைகளில் குச்சிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்துத் தொட்டியில் படிய விடுகிறார்களே, அந்த 'ஸ்டார்ச்' இனம்தான்.

குண்டாகும் மணி

பாயசத்தில் போட்ட ஜவ்வரிசி தண்ணீரைக் குடித்துக் குண்டாகிறது அல்லவா? புண்ணிலும் அதே கதைதான். ஆனால் வெறும் மாவை வைத்தால் கஞ்சியாகக் குழைந்துவிடும். அதனால் மாவுச்சத்தின் இழைகளுக்குக் குறுக்கே ரசாயன முடிச்சுப் போட்டார்கள். இப்போது கரையாது, ஊத மட்டும் செய்யும்.

இப்படிச் செய்த பொடி மணிகளில் அயோடினை அடைத்து, 1980-களில் சுவீடனில் இருந்து வந்தது 'காடெக்சோமர் அயோடின்'. ஒரு கிராம் மணி 6 மில்லி வரை நீரைக் குடிக்கும். ஊத ஊத, உள்ளே இருக்கும் 0.9 சதவீத அயோடின் மெல்லக் கசிந்து கிருமியைத் தீர்க்கும். பழுப்பு நிறம் வெளுத்தால், 'வேலை முடிந்தது, மாற்று' என்று அர்த்தம்!

ஆபரேஷனில் ரத்தக் கசிவை நிறுத்தவும் மாவுச்சத்துத் தூள் உண்டு. ரத்தத்தில் உள்ள நீரை அது இழுத்துக்கொள்ள, ரத்தம் சட்டென்று உறைகிறது.

சேலத்துக்கு என்ன?

உலக யுத்தத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் குடிசைத் தொழிலாகப் பிறந்தது இந்தத் தொழில். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் கிழங்குச் சரக்கு பெரும்பாலும் சமையலுக்கும், பாவு நூலுக்குக் கஞ்சி போடவும்தான் போகிறது. வேடிக்கை என்னவென்றால், ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நீரை உறிஞ்ச வேண்டுமானால் முதலில் அந்தக் கஞ்சியைக் கழுவி எடுத்தாக வேண்டும்!

குச்சிக்கிழங்குக்கு விலை, அதில் உள்ள மாவுச்சத்தைப் பார்த்து 'பாயிண்ட்' கணக்கில் போடப்படுகிறது. விலை சரியும் வருஷம் விவசாயி பாடு திண்டாட்டம். மருந்துச் சரக்காகப் போனால் மதிப்பே வேறு.

ஆனால் அதற்குக் கிருமியில்லாத, கலப்படமில்லாத சுத்தம் வேண்டும். இங்கேதான் உதைக்கிறது. மக்காச்சோள மாவைக் கலப்பதும், வெள்ளை வெளேர் என்று இருக்க ரசாயனம் போட்டு வெளுப்பதும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் சோதனையில் அடிக்கடி சிக்கும் சமாசாரங்கள். சாப்பிடும் சரக்குக்கே இந்த லட்சணம் என்றால், புண்ணில் வைக்க யார் நம்பி வாங்குவார்கள்?

ஒரு எச்சரிக்கை: வீட்டு ஜவ்வரிசியை அரைத்துப் புண்ணில் அப்பிவிடாதீர்கள். கிருமிக்கு அது விருந்து! அயோடின் மணியும் டாக்டர் சொல்லித்தான் வைக்க வேண்டும். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.