காபி மலையும் பருந்து ஆறும் – தெரியுமா?

வானத்தில் ஆறு ஓடுமா? ஓடும்! மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்துக்குப் போனால் பார்க்கலாம். ஆகஸ்ட் பின்பாதியில் தொடங்கி நவம்பர் நடுப்பகுதி வரை, வெயில் ஏற ஏற, தலைக்கு மேலே வடக்கிலிருந்து தெற்காக ஓடும். அதில் தண்ணீர் கிடையாது, முழுக்க முழுக்கப் பருந்துகளும் கழுகுகளும்தான்! ஒரே பருவத்தில் 40 லட்சத்துக்கும் மேல். உலகத்தில் வேறெங்கும் வேட்டைப் பறவைகள் இவ்வளவு பெரிய கூட்டமாக வலசை போவதில்லை. 'பருந்து ஆறு' என்றே இதற்குப் பெயர் விழுந்துவிட்டது. கார்டெல் என்கிற சின்ன ஊரில் ஒரு ஹோட்டல் மொட்டைமாடியிலும், பக்கத்தில் சிச்சிகாஸ்ட்லே கிராமத்திலும் ஆட்கள் நின்று, 1990-களிலிருந்து வருடா வருடம் இவற்றை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். கழுத்து என்ன பாடுபடும்!

சரி, அத்தனையும் ஏன் இந்த ஒரே இடத்தில் வந்து நெரிபட வேண்டும்? பருந்துக்குச் சிறகடிப்பது பெரிய செலவு. சூடான தரையிலிருந்து மேலே எழும் காற்றில் ஏறி, வட்டமடித்து உயரம் போய், அங்கிருந்து சறுக்கி, அடுத்த சூடான காற்றைப் பிடிப்பதுதான் அதன் பிழைப்பு. கடலுக்கு மேல் அந்த வசதி இல்லை. எனவே கனடா, அமெரிக்கா பக்கமிருந்து கிளம்புகிறவை மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு தரைவழியாகவே வருகின்றன. வெராக்ரூஸுக்கு வந்தால் கிழக்கே கடல், மேற்கே எரிமலைகள், நடுவில் ஒடுங்கிய ஒரு சமவெளி. வேறு வழி? எல்லாம் அதற்குள்தான் நுழைந்தாக வேண்டும். இவற்றில் ஸ்வெய்ன்சன் பருந்து போகிற இடம் அர்ஜென்டினா! மிசிசிப்பிப் பருந்து என்றொரு இனம் இருக்கிறது. உலகத்தில் உள்ள அத்தனை மிசிசிப்பிப் பருந்துகளும் கிட்டத்தட்ட இந்தச் சந்து வழியாகத்தான் போகின்றன.

இப்போது காபிக்கு வருவோம். பருந்துகளை நெருக்கித் தள்ளுகிற அதே மலைதான் இங்கே காபியையும் விளைய வைக்கிறது, தெரியுமா? வளைகுடாவின் ஈரக்காற்று உள்ளே வந்து மலையில் மோதி, மேலேறி, குளிர்ந்து மேகமாகிறது. மேகம் வந்து உட்காருகிற உயரத்தில்தான் கோவத்தேபெக், ஹிகோ, தெயோசெலோ, மாநிலத் தலைநகரான ஹலாபா எல்லாம் இருக்கின்றன. கோவத்தேபெக் சுமார் 1,200 மீட்டர் உயரம். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் 4,282 மீட்டரில் கோஃப்ரே தெ பெரோத்தே என்கிற அணைந்த எரிமலை. 1804-இல் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் ஏறிய மலை அது. வானம் தெளிந்த காலையில் தெற்கே இன்னொன்று தெரியும்: பீகோ தெ ஒரிசாபா, 5,636 மீட்டர், மெக்சிகோவிலேயே உயரமான சிகரம். காலையில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே வியர்த்துக்கொண்டு கிளம்புகிறவர், மதியத்துக்குள் பைன் காட்டில் பல் கிட்டித்துப் போகலாம். ஒரே மாநிலம், ஒரே நாள்!

இங்கே காபித் தோட்டத்துக்குள் நுழைந்தால் முதலில் தோட்டமே கண்ணுக்குத் தெரியாது. காடுதான் தெரியும். மேலே பெரிய மரங்கள், அவற்றின் கிளைகளில் ஆர்க்கிட், நடுவில் வாழையும் ஆரஞ்சும், அடியில்தான் காபிச் செடி. மெக்சிகோவின் காபியில் பெரும்பகுதி இப்படி நிழலில் வளர்வதுதான். நிழலுக்கு அதிகம் வைப்பது சலாவித்தே என்கிற இங்கா மரம். மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும், காயை உடைத்தால் உள்ளே பஞ்சு பஞ்சாக இனிப்புச் சதை. பிள்ளைகள் சும்மா விடுவார்களா? வேலியோரங்களில் சிவப்பாகப் பூக்கிற இன்னொரு மரத்தைப் பார்த்தால் நமக்குப் பழகிய முகம்போல இருக்கும். ஆச்சரியமே இல்லை, நம் கல்யாண முருங்கையின் உறவுதான் அது. நாம் இலையைப் பறித்து அரைத்து அடை தட்டுகிறோம். அவர்கள் பூவைப் பறித்து, முட்டை சேர்த்துச் சமைக்கிறார்கள். காஸ்பரிட்டோ என்று பெயர்.

அந்த நிழலுக்கு மனிதர்களைவிடப் பெரிய வாடிக்கையாளர்கள் உண்டு. அமெரிக்கத் தோட்டங்களில் கோடையில் பாடுகிற குருவிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று கேட்டால், அவற்றில் ஏராளமானவை இதுபோன்ற நிழல்காபிக் காடுகளுக்குத்தான் வருகின்றன. நிழல்மரத்தை வெட்டிவிட்டுக் காபி போட்டால் பறவைகளும் குறைந்துபோவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அதற்குப் பிறகுதான் ஸ்மித்சோனியன் நிறுவனம் 'பறவைக்கு உகந்த காபி' என்று ஒரு சான்றிதழே கொண்டுவந்தது. கோப்பையில் ருசி மட்டும் தேடுகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டில்லை என்றாலும், தொலைநோக்கியோடு போகிறவருக்கு இந்தத் தோட்டங்கள் எந்தச் சரணாலயத்துக்கும் குறைந்தவை அல்ல. டிசம்பர் காலையில் ஒரு மணி நேரம் வரப்போரம் சும்மா நின்றாலே போதும்.

இந்தத் தோட்டங்களுக்கு வந்த பெரிய கண்டம் எங்கிருந்து புறப்பட்டது தெரியுமா? நமக்குப் பக்கத்திலிருந்து! காபி இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடியாகப் படரும் துரு நோய், 1869-இல் இலங்கையில்தான் முதலில் அடையாளம் காணப்பட்டது. இருபது ஆண்டுகளில் இலங்கையின் காபியை அது முடித்துவைத்தது. காபி பறிக்கக் கடல் கடந்து போன தமிழர்களின் பிள்ளைகள் தேயிலை பறிக்க நேர்ந்தது அந்தப் பூஞ்சையால்தான். அதே பூஞ்சை 1970-இல் பிரேசிலில் தலைகாட்டி, 1981-இல் மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்துக்குள் நுழைந்தது. பிறகு பல ஆண்டுகள் பெரிய தொல்லை இல்லை. 2012-ஐ ஒட்டி மத்திய அமெரிக்கா முழுக்க வெடித்தது பாருங்கள், வெராக்ரூஸும் தப்பவில்லை. பரம்பரையாக வைத்திருந்த பழைய டிபிகா செடிகளைப் பிடுங்கிவிட்டு, நோய் தாங்கும் ரகங்களை நட்டவர்கள் ஏராளம். சுற்றுலாப் பயணிக்குச் சிவந்த பழம் மட்டும் கண்ணில் படும். தோட்டக்காரர் முதலில் இலையைத் திருப்பித்தான் பார்ப்பார்.

மேகக்காடு என்று சொல்கிறார்களே, அது என்னவென்று தெரிய வேண்டுமானால் ஹலாபாவை ஒட்டியுள்ள கிளாவிஹெரோ தாவரவியல் பூங்காவுக்குப் போக வேண்டும். மெக்சிகோவின் பரப்பில் ஒரு சதவீதம்கூடத் தேறாத இந்தக் காட்டில் அந்த நாட்டுத் தாவர இனங்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது! குளிர்நாட்டு ஓக் மரமும் லிக்விடாம்பர் மரமும் மேலே நிற்க, அடியில் டைனோசர் காலத்து மரப்பெரணிகள் குடை விரிக்கும். மரக்கிளைகளில் தொற்றி வளரும் செடிகளின் இலைக்கிண்ணங்களில் தேங்கிய மழைநீரில் பூச்சிகளும் தவளைகளும் குடித்தனம். இந்தப் பூங்காவில்தான் மெக்சிகோவின் தேசிய சைக்காட் தாவரச் சேகரிப்பும் இருக்கிறது. அதில் டியூன் எடூலே என்றொரு வகை, இந்த மாநிலத்துப் பாறைச் சரிவுகளில் இயற்கையாகவே வளர்வது. ஆள் உயரம் எட்டவே நூற்றாண்டுகள் ஆகும். ஆயிரம் ஆண்டைத் தாண்டியதாகக் கணிக்கப்படும் செடிகளும் உண்டு. அவசரக்காரர்களுக்கு ஏற்ற செடி இல்லை!

ஹிகோவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் போவது தெக்ஸோலோ அருவிக்கு. எரிமலைப் பாறையை அறுத்துக்கொண்டு சுமார் 80 மீட்டர் கீழே விழுகிறது. கதைப்படி கொலம்பியாவில் நடக்கிற 'ரொமான்சிங் தி ஸ்டோன்' ஹாலிவுட் படத்தின் காட்சிகளை 1984-க்கு முன் இங்கேதான் வந்து எடுத்தார்கள். கொலம்பியாவுக்கு வேடம் போடக் காபி மலைதானே வேண்டும், அது இங்கேயும் இருக்கிறதே!

அருவியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள், ஊருக்குள் வாருங்கள். ஹிகோவின் காவல் புனிதர் மரிய மக்தலேனா. ஜூலை 22 திருநாள். அவருக்கு வருடா வருடம் பக்தர்கள் புதுப்புது ஆடை தைத்துக் கொடுக்கிறார்கள். திருவிழா மாதத்தில் நாளுக்கொரு உடை மாற்றுவார்கள். சேர்ந்துபோன நூற்றுக்கணக்கான ஆடைகளுக்கு ஒரு அருங்காட்சியகமே வைத்துவிட்டார்கள்! புனிதர் வரும் தெருவில் சாயம் ஏற்றிய மரத்தூளால் நீளக் கம்பளம் விரிப்பார்கள். மணிக்கணக்கில் குனிந்து போட்ட கோலமெல்லாம் ஊர்வலம் கடந்ததும் கலைந்துவிடும். அதே நாளில் தெருவில் காளைகளையும் அவிழ்த்துவிடுவார்கள். பக்தியும் ஓட்டமும் ஒரே தெருவில்.

பசி எடுக்குமே? ஹிகோவின் மோலே குழம்பு இனிப்புச் சாயல் உள்ளது. முதல் வாயில் நம் நாக்கு கொஞ்சம் குழம்பும். எனக்கென்றால் ஷோனெகிதான். கறுப்பு அவரை வெந்த சாற்றில் இதய வடிவ இலை ஒன்றைப் போட்டு, சோளமாவு உருண்டைகளோடு கொதிக்க வைப்பது. அந்த இலை சர்க்கரைவள்ளியின் உறவுக்கொடி. இதே குடும்பத்தில் இதே மலையில் வளரும் இன்னொரு கொடி என்ன தெரியுமா? ஜலாப்! அதன் கிழங்குதான் நூற்றாண்டுக் கணக்கில் வெராக்ரூஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறி ஐரோப்பிய மருந்துக்கடைகளுக்குப் போன பேதி மருந்து. ஒரு பங்காளி சூப்புக்கு, இன்னொரு பங்காளி பேதிக்கு. இலை பறிக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும், நாம் பறிக்க வேண்டாம்.

சௌசௌ என்று நம் வீட்டுக் கூட்டில் போடுகிறோமே, பெங்களூர் கத்தரிக்காய் என்றும் சொல்வோமே, அதன் பூர்வீகம் எது? மெக்சிகோவும் அதை ஒட்டிய பகுதிகளும்தான்! அதன் காட்டு இனங்கள் இன்றும் வெராக்ரூஸின் ஈர மலைக்காடுகளில் கிடைக்கின்றன. காபி விளையும் வாத்துஸ்கோ ஊரில் சௌசௌவுக்கென்றே ஒரு மரபணுக் கருவூலம் நடக்கிறது. வழவழப்பானது, முள் உள்ளது, கரும்பச்சை, வெளிர்மஞ்சள் என்று அங்கே இருக்கிற வகைகளைக் கண்டால் நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கிற ஒற்றைப் பச்சை ரகம் ரொம்ப ஏழையாகத் தோன்றும். காயை மட்டுமா தின்கிறார்கள்? கொழுந்து, கிழங்கு, எதையும் விடுவதில்லை. கிழங்கு காயைவிட நன்றாக இருக்கும்.

மழை பிடித்துக்கொண்டால் ஹலாபா மானுடவியல் அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்குங்கள். மலைச்சரிவிலேயே படிப்படியாக இறங்குகிற கட்டடம், ஊடே தோட்டங்கள். ஒல்மெக் மக்கள் சுமார் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய பிரமாண்ட கல் தலைகள் இதுவரை மொத்தம் 17 கிடைத்திருக்கின்றன. அதில் ஏழு இங்கே! டன் கணக்கில் கனக்கும் எரிமலைக் கற்கள். எங்கோ தூரத்து மலையிலிருந்து, வண்டியும் இல்லை, இழுக்க மாடும் இல்லை, ஆட்களே கொண்டுவந்திருக்கிறார்கள். சக்கரமே தெரியாத ஜனங்களோ என்று கேட்டுவிடாதீர்கள். பிற்காலத்து மனிதர்கள் செய்த, சக்கரம் வைத்த களிமண் நாய் பொம்மைகள் இதே வெராக்ரூஸ் மண்ணில் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. விளையாட்டுச் சாமானில் சக்கரம் உருண்டது, சுமை மட்டும் தோளில்தான். இழுக்க விலங்கு இல்லாத நாட்டில் வண்டி எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ.

கால் சும்மா இருக்காதவர்கள் ஹால்கொமுல்கோவுக்கு இறங்கிவிடலாம். ஆற்றுப் பாய்ச்சலில் ரப்பர் படகில் குலுங்கிக்கொண்டு போக மெக்சிகோவிலேயே பேர்போன இடம். தெயோசெலோ பக்கம் போனால், ஒருகாலத்தில் ஹலாபாவிலிருந்து காபி மூட்டையும் ஆட்களுமாக ஊர்ந்து வந்த குட்டி ரயிலின் பழைய தடத்தில் நடக்கலாம். 'பேன்குட்டி' என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்! அந்தச் சின்ன ஊரில் 1965-இலிருந்து ஒரு சமுதாய வானொலி பேசிக்கொண்டிருக்கிறது, மெக்சிகோவிலேயே பழமையானவற்றில் ஒன்று.

இத்தனை காபியையும் எப்படிக் குடிக்கிறார்கள் என்று பார்க்க வெராக்ரூஸ் துறைமுகத்துக்கே போக வேண்டும். 1808-இல் பிறந்த லா பரோக்கியா காபிக்கடையில் 'லெச்செரோ' கேட்டால் உயரமான கண்ணாடித் தம்ளரின் அடியில் கொஞ்சம் கெட்டி டிகாக்‌ஷன் மட்டும் வரும். பாலுக்கு வாய் திறந்து கூப்பிடக் கூடாது. கரண்டியால் தம்ளரை டிங் டிங் என்று தட்ட வேண்டும்! பெரிய கெட்டிலோடு ஒருவர் வந்து, நம் ஊர் மீட்டர் காபி மாஸ்டரைப்போலக் கையை உயர்த்தி நுரை பொங்க ஊற்றிவிட்டுப் போவார். டிராம் ஓட்டுநர் ஒருவர் கடையைத் தாண்டும்போதெல்லாம் மணியடித்துத் தனக்குக் காபி போடச் சொன்னதிலிருந்து வந்த பழக்கம் என்று கதை சொல்கிறார்கள். கதை உண்மையோ பொய்யோ, கடை முழுக்க டிங் டிங்தான்.

எப்போது போகலாம்? இங்கேதான் சிக்கல். மரத்தூள் கம்பளம் ஜூலையில், அகலச் சிறகுப் பருந்துகளின் பெருவெள்ளம் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதலிலும், காபிப் பழம் பறிப்பது நவம்பர் தொட்டு மார்ச் வரை, மல்லிகை வாசத்தோடு காபி பூப்பது அதற்கும் பிறகு. எல்லாம் ஒரே டிக்கெட்டில் கிடைக்காது. என்னைக் கேட்டால் அக்டோபர் நடுவில் போங்கள் என்பேன். பெருமழை ஓய்ந்து வரும், வானத்தில் ஸ்வெய்ன்சன் பருந்துகளும் கழுகுகளும் ஓடிக்கொண்டிருக்கும், தாழ்ந்த தோட்டங்களில் முதல் பழங்கள் சிவக்கத் தொடங்கியிருக்கும். ஸ்வெட்டர் ஒன்றும் குடை ஒன்றும் கட்டாயம். ஹலாபாவில் 'சிப்பி சிப்பி' என்று ஒரு தூறல் இருக்கிறது, பிடித்தால் இரண்டு மூன்று நாள் விடாது.