மொட்டை மாடியில் ஒரு கணக்கு

ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சேர்வது ஒரு லிட்டர் தண்ணீர். மாணவர்களே, உங்கள் பள்ளி மொட்டை மாடியை டேப் பிடித்து அளந்து பாருங்கள். 500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். பெருக்கினால் 7 லட்சம் லிட்டர்! வழிந்ததும் காய்ந்ததும் போக ஐந்தில் நான்கு பங்கு பிடித்தாலே 5,60,000 லிட்டர்.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. குழாய் இருக்கிறது, அதை அடைத்திருக்கும் சருகை எடுக்கத்தான் பல இடங்களில் ஆளில்லை. ஐப்பசி பிறக்கும் முன்பே மாடியைப் பெருக்கி, வடிகட்டும் தொட்டியின் மணலையும் கூழாங்கல்லையும் அலசிப் போடச் சொல்லுங்கள். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடலாம். அது மாடித் தூசியைக் கழுவி வரும் தண்ணீர்.