பெயர் ஒன்று, ஆள் வேறு!
ஐ.நா. தடைப் பட்டியலும் மைசூர் பாங்கிக் கணக்கும்

மைசூரில் ஆலையில் உழைப்பவரும் ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவரும் சம்பளம் வாங்கியதும் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். நியூயார்க்கில் ஐ.நா. சபை போடும் தடைக்கும் இந்தப் பணத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. அந்தத் தடைப் பட்டியல் மைசூர் பாங்கி வரை வந்து சேருகிறது.

மூன்று தடைகள்

1999-ம் ஆண்டு ஐ.நா. பாதுகாப்பு சபை, 1267-ம் எண் தீர்மானத்தின் மூலம் தலிபான்களுக்குத் தடை போட்டது. பிறகு அல்கொய்தாவும் அதில் சேர்ந்தது. பட்டியலில் பெயர் ஏறியவரின் சொத்து முடக்கப்படும். அவர் நாடு விட்டு நாடு போக முடியாது. அவருக்கு ஆயுதம் விற்கக் கூடாது. தாவூத் இப்ராகிம் 2003-லும், ஹபீஸ் சயீது 2008-லும், மசூத் அசார் 2019-லும் இப்படிப் பட்டியலில் ஏறியவர்கள்.

விடுதலைப்புலிகள் விஷயம் வேறு. 2001 செப்டம்பர் 28-ந்தேதி நிறைவேறிய 1373-ம் தீர்மானம், ஒவ்வொரு நாடும் தானே பட்டியல் போட வழி செய்தது. புலிகள் இயக்கத்துக்கு இந்தியா 1992-லேயே தடை விதித்திருந்தது. அமெரிக்கா 1997-லும், ஐரோப்பிய யூனியன் 2006-லும் தடை விதித்தன.

ஏறுவதும் இறங்குவதும்

இலங்கை சர்க்கார், போர் முடிந்து ஏறக்குறைய 5 ஆண்டு கழித்து, 2014 மார்ச் மாதம் 424 பேரையும் 16 அமைப்புகளையும் கெஜட்டில் பட்டியல் போட்டது. வெளிநாட்டில் வாழும் தமிழர்களின் அமைப்புகளும் அதில் இருந்தன. ஆட்சி மாறியது, 2015 நவம்பரில் 8 அமைப்புகள் நீக்கப்பட்டன. மறுபடியும் ஆட்சி மாறியது. 2021-ல் 7 அமைப்புகளும் 388 பேரும் சேர்க்கப்பட்டனர். 2022 ஆகஸ்டில் 6 அமைப்புகளும் 316 பேரும் நீக்கப்பட்டனர்.

கோர்ட்டு விசாரித்துத் தண்டித்தவர்களின் பட்டியல் அல்ல இது. சர்க்கார் உத்தரவு. அதனால்தான் இத்தனை மாற்றம்!

சவூதி வர்த்தகர் யாசின் காதியின் பெயர் 2001-ல் ஐ.நா. பட்டியலில் ஏறியது. காரணத்தைத் தெரிவிக்காமலும் அவர் தரப்பைக் கேட்காமலும் சொத்தை முடக்கியது தவறு என்று 2008-ல் ஐரோப்பிய கோர்ட்டு தீர்ப்பு கூறியது. அவர் பெயரை ஐ.நா. நீக்கியது 2012-ல்தான். பதினோரு ஆண்டு!

நம் நாட்டில்

சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் 2008-ல் 51ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி பாங்கிகள் தங்கள் வாடிக்கையாளர் பெயர்களை ஐ.நா. பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பொருந்தினால் 24 மணி நேரத்துக்குள் மத்திய உள்துறைக்குத் தகவல் தர வேண்டும். தனி நபரையும் பயங்கரவாதி என அறிவிக்க 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது.

பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. தகப்பனார் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட்டு விவரம் ஆகியவையும் பார்க்கப்படும். இங்கேதான் தமிழர்களுக்குச் சிக்கல். ஊரில் எடுத்த பள்ளிச் சான்றிதழில் இனிஷியல். கர்நாடகத்தில் எடுத்த அட்டையில் தகப்பனார் பெயர் முழுசாக. பாங்கிப் புத்தகத்தில் இன்னொரு எழுத்து. ஒரே ஆளுக்கு மூன்று பெயர்!

என்ன செய்யலாம்?

எல்லா ஆவணங்களிலும் பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்றாகத் திருத்தி வைப்பது முதல் வேலை. தவறுதலாகக் கணக்கு முடக்கப்பட்டால், ஆதாரங்களுடன் பாங்கியிலேயே எழுத்து மூலம் மனு கொடுக்கலாம். பாங்கி அதை மேலே அனுப்ப வேண்டும். மனுவில் உண்மை இருந்தால் தாமதமின்றி முடக்கத்தை நீக்க உத்தரவிட வேண்டும் என்பது விதி. மனு கொடுத்ததற்கு ரசீது வாங்குவது அவசியம்.

கமிஷன் தருவதாகச் சொல்லி, "உங்கள் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டு எடுத்துக்கொள்கிறேன்" என்று கேட்பவர்களும் உண்டு. தெரிந்தவரே கேட்டாலும் கணக்கை இரவல் கொடுக்கக் கூடாது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கணக்குக்கு உரியவரே.