ஈஸ்ட் சுமக்கும் தடுப்பூசி

2022 மார்ச் 16 முதல் 12–14 வயதுப் பிள்ளைகளுக்குப் போடப்பட்ட கொரோனா தடுப்பூசி கோர்பெவாக்ஸ். ஐதராபாத்தின் பயாலஜிக்கல் இ நிறுவனத் தயாரிப்பு. அதிலிருந்த புரதத்தைச் செய்தது ஈஸ்ட். பேக்கரியில் ரொட்டியை உப்பவைக்கிறதே, அதன் உறவினமான பிச்சியா.

வைரஸின் மேற்புற முள்ளுக்கான மரபணுத் துண்டை ஈஸ்ட்டுக்குள் செலுத்திவிட்டால், பெருகப் பெருக அந்தப் புரதத்தைச் செய்து குவிக்கும். அதைப் பிரித்துச் சுத்தப்படுத்தி ஊசியில் ஏற்றுகிறார்கள். ஈஸ்ட் தொழிற்சாலையோடு நின்றுவிடும்.

இந்த முறையில் வந்த முதல் தடுப்பூசிக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கானதற்கு, அமெரிக்கா 1986இல் அனுமதி தந்தது. இந்தியாவில் இறக்குமதி ஊசி ஒரு தவணை பல நூறு ரூபாய் விற்றது. 1997இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே செய்து விலையை உடைத்தது. அடுத்துப் போட்டிக்கு வந்தது அதே ஊரின் பாரத் பயோடெக் நிறுவனத்தின் ரெவாக்-பி. அதுவும் ஈஸ்ட் சரக்குதான். விலை இறங்கியதால்தான் ஹெபடைடிஸ் பி ஊசி அரசுத் திட்டத்துக்குள் வர முடிந்தது என்பேன். இன்று, பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் தவணை இலவசம்.

இப்போது ஆய்வாளர்கள் ஈஸ்ட்டுக்கு வேறு வேலை, மரபணுத் தடுப்பூசியைச் சுமக்கும் வேலை, தரப் பார்க்கிறார்கள். மரபணுத் தடுப்பூசியில் புரதம் இருக்காது. அதைச் செய்வதற்கான டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ மட்டுமே உடலுக்குள் போகும். நம் செல்லே புரதத்தைச் செய்துகொள்ளும். 2021 ஆகஸ்ட்டில் அவசர அனுமதி பெற்ற அகமதாபாத்தின் கொரோனா தடுப்பூசியான சைகோவ்-டி, உலகில் மனிதருக்கு அனுமதிக்கப்பட்ட முதல் டிஎன்ஏ தடுப்பூசி. வெறும் டிஎன்ஏ எளிதில் செல்லுக்குள் நுழையாது. அதனால் ஊசியில்லாக் கருவியால் தோலுக்குள் பீய்ச்சினார்கள்.

அந்த டிஎன்ஏவுக்கு ஈஸ்ட் ஒரு பை ஆகுமா? அதன் கெட்டியான சுவரில் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. நோயெதிர்ப்புக் காவல் செல்கள் அதை அடையாளம் கண்டு விழுங்கிவிடும். உள்ளிருப்பதைக் கழுவி எடுத்துவிட்டு, கூட்டுக்குள் டிஎன்ஏவை அடைத்து எலிகளில் சோதித்திருக்கிறார்கள். சுவர் வயிற்று அமிலத்தைத் தாங்குவதால் வாய்வழி கொடுக்கலாம். உலர்ந்த ஈஸ்ட் ஐஸ்பெட்டி இல்லாமலும் தாங்கும். மலைக் கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோகும் செவிலியருக்கு இதன் அருமை தெரியும்.

சிக்கல் விழுங்கிய பிறகு வருகிறது. காவல் செல் தான் விழுங்கியதைச் செரிக்கப் பார்க்கும். தப்பும் சிறிதளவு டிஎன்ஏதான் உட்கருவை எட்டும். வாய்வழி தந்தால் இன்னொரு தடை: சாப்பிடுவதையெல்லாம் எதிரியாக நினைக்காமலிருக்கக் குடல் பழகியிருக்கிறது. ஈஸ்ட்டையும் அது உணவென்று விட்டுவிடலாம்.