அல்சருக்கு ஆன்டிபயாடிக் எதற்கு?

மீன்சுருட்டி மருந்துக் கடைகளில் 'கேஸ் மாத்திரை' கேட்காதவர் குறைவு. முந்திரித் தோப்பு வேலைக்குப் போகிறவரானாலும், சிதம்பரம் சாலையில் லாரி ஓட்டுகிறவரானாலும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "வேளைக்குச் சாப்பிடலை, அல்சர் வந்துடுச்சு." மாத்திரை போட்டால் எரிச்சல் அடங்கும். விட்டால் திரும்பும். புண்ணுக்குப் பின்னால் ஒரு கிருமி இருக்கலாம் என்று நினைப்பவர் அபூர்வம்.

மருத்துவர்களே வெகுகாலம் நினைக்கவில்லை. அமிலம் சுரக்கத் தூண்டும் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைப்பது அன்றைய வைத்தியம். அந்தத் தழும்போடு இருக்கும் பெரியவர்கள் இன்றும் நம் ஊர்ப்பக்கம் உண்டு. மைசூரில் பணியாற்றிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் பிராங்க் டோவே, கோதுமை உண்ணும் வடக்கைவிட அரிசி உண்ணும் தெற்கில் குடல்புண் ஏன் அதிகம் என்று சாப்பாட்டில் காரணம் தேடினார்.

கிருமி அகப்பட்டது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில். ராபின் வாரன் இரைப்பைத் திசுவில் கண்ட சுருள் கிருமியை வளர்த்தெடுக்க பாரி மார்ஷல் முயன்றார். வழக்கமாக இரண்டே நாளில் தட்டுகளைக் கொட்டிவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஐந்து நாள் கிடந்த தட்டில்தான் அது முளைத்தது. புண்ணுக்கு அதுவே காரணம் என்றதைப் பலரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இக்கிருமி அமோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துப் பிழைக்கிறது. கிருமி உள்ள எல்லோருக்கும் புண் வருவதில்லை. புண் வந்து, கிருமியும் உறுதியானால் அமிலம் குறைக்கும் மாத்திரையோடு அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள். அல்லது பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். பெரும்பாலும் 14 நாள். வாய் கசக்கும், குமட்டும்; ஐந்தாம் நாளே எரிச்சல் நின்றதென்று பலர் விட்டுவிடுகிறார்கள். வயிற்றுப்போக்கு என்றதும் நாமாக வாங்கி விழுங்கும் மாத்திரையும் இதே மெட்ரோனிடசோல்தான். அப்படி விழுங்கி விழுங்கி, இந்தியாவில் இக்கிருமி பலரிடம் அதற்கு மசிவதே இல்லை.

மூட்டுவலி மாத்திரையாலும் புண் வரும். கிருமி இல்லாத அந்தப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் வீண். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கிருமியைக் கண்டறியும் மூச்சு அல்லது மலப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே, அவரைக் கேட்டுக்கொண்டு, கேஸ் மாத்திரையை நிறுத்த வேண்டும். இல்லையேல் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டும். சிகிச்சை முடிந்து நான்கு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். மலம் தார்போல் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ மருந்துக் கடைக்குப் போகாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.