கிராமத்துக் கடைக்கு யார் காவல்?

திருட்டு பற்றிய பேச்சு எழுந்தால், நம் சங்கக் கூட்டங்களில் பஜார் திருட்டைத்தான் பேசுகிறோம். பஜாரில் இரவு விசில் ஊதி வர கூர்க்கா இருக்கிறார். தெருவிளக்கு இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் காவல் நிலையமும் இருக்கிறது. ஆனால் நம் கிட்டங்கியிலிருந்து லைன் வண்டியில் ஏறும் சரக்கில் பெரும்பகுதி எங்கே போய் இறங்குகிறது? பதினைந்து, இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்தில், ஓட்டுக்கூரையோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட ஒற்றை அறை மளிகைக் கடையில். அந்தக் கடையின் பூட்டு உடைந்தால் அவருடைய முதல் மட்டும் போவதில்லை. நமக்கு வரவேண்டிய பாக்கியும் சேர்ந்தே போகிறது. இரண்டு முறை உடைந்தால் அவர் கடையை மூடிவிட்டு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார். நம் லைனில் ஒரு ஊர் குறைந்துவிடுகிறது.

திருடன் எதை எடுக்கிறான் என்பதை நாற்பது ஆண்டு வியாபாரத்தில் பார்த்துவிட்டோம். அரிசி மூட்டையை அவன் தொடுவதில்லை. முதலில் சிகரெட் பண்டல், அடுத்து எண்ணெய் டின், ஏலக்காய், கல்லாவில் கிடக்கும் சில்லறை. எடை குறைவு, விலை அதிகம். மறுநாளே வேறு ஊர்க் கடையில் தள்ளிவிடலாம். அந்த வேறு ஊர்க் கடையும் நம்மில் ஒருவர் கடைதான்! அதைப் பிறகு சொல்கிறோம்.

அன்றைய காவல்

நம் முன்னோர் வண்டி கட்டி வியாபாரம் செய்த காலத்தில், தென் மாவட்டங்களில் சரக்கு வண்டிகள் இராத் தங்குவதற்கு மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். வியாபாரத்தில் மகமை பிடித்து, அந்தப் பணத்தில் பேட்டையைக் காத்தார்கள். கிராமங்களில் காவல்காரர் இருந்தார். களத்து மேட்டில் நெல் அளக்கும்போது அவருக்கென்று ஒரு பங்கு உண்டு. பதிலுக்கு ஊரில் களவு போனால் அவர் பொருளைக் கண்டுபிடித்துத் தரவேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்டவேண்டும். மாடு களவு போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்கும் வழக்கமும் இருந்தது.

இதைச் சொல்லி 'அந்தக் காலம் போல வருமா' என்று பெருமூச்சு விடும் பெரியவர்கள் உண்டு. நமக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. காவல் கூலி கொடுக்காத வீட்டில் களவு போகும். துப்புக்கூலி வாங்குகிறவருக்கே மாடு இருக்குமிடம் தெரிந்திருக்கும். அந்த ஏற்பாட்டின் மறுபக்கம் அதுதான். ஆனாலும் ஒன்று மறுக்க முடியாதது. களவு போனால் யாரைப் போய்க் கேட்பது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

1859-ல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் ஊரில் நடந்ததை நிலையத்துக்குச் சொல்லும் பொறுப்பு கிராம முன்சீப்பிடமும் தலையாரியிடமும் இருந்தது. 1980-ல் தமிழக அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தது. அது நியாயமான காரியமே. பிறகு வந்த கிராம நிர்வாக அலுவலருக்குப் பட்டா, சிட்டா, அடங்கல், சான்றிதழ் என்று வேலை நிறைய. இரவில் ஊருக்குள் யார் வந்தார், யார் போனார் என்பது அவர் மேஜைக்கு வருவதில்லை.

பட்டா புத்தகம்

இன்று கிராமத்துக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே நம் கண்ணுக்குத் தெரியும் கயிறு ரோந்துதான். ரோந்து வரும் காவலர் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தை வங்கி, கோயில், சில கடைகள், வீடுகள் என்று குறிப்பிட்ட இடங்களில் வைத்திருப்பார்கள். எத்தனை மணிக்கு வந்தார் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மேலதிகாரி திடீரென்று வந்து பார்ப்பார். பல இடங்களில் இப்போது புத்தகத்துக்குப் பதில் சுவரில் கியூ.ஆர். அட்டை ஒட்டி, காவலர் தன் கைப்பேசியில் அதைப் பதிவு செய்யும் முறை வந்துவிட்டது.

இந்தப் புத்தகம் நம் கடை வாசலுக்கு வருவதைச் சிலர் தொல்லை என்று நினைக்கிறார்கள். 'போலீஸ் அடிக்கடி வந்தால் வாடிக்கை வராது' என்று நம்மிடமே சொன்ன கடைக்காரர் உண்டு. அது சரியல்ல. ரோந்து வருகிற ஊர் என்று பெயர் பரவினாலே பாதித் திருட்டு பக்கத்து ஊருக்குப் போய்விடும் (பக்கத்து ஊர்க்காரர் மன்னிக்க வேண்டும்). ஒரு நிலையத்தின் எல்லையில் எத்தனையோ கிராமங்கள் இருக்க, இரண்டு பேரை ஒரே மோட்டார் சைக்கிளில் அனுப்பினால் அவர்கள் எத்தனை ஊருக்குப் போவார்கள்? புத்தகம் இருக்கிற ஊருக்குத்தான் முதலில் போவார்கள். கேட்டு வாங்கி வையுங்கள். வைத்தால் வாரம் ஒருமுறை புரட்டியும் பாருங்கள். ஐந்து நாள் கையெழுத்து ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் இன்ஸ்பெக்டரைப் பார்க்கும்போது பணிவாகக் கேட்கலாம். அதில் தவறொன்றும் இல்லை.

உதவிக்கு வந்தவர்கள்

1993-ல் இராமநாதபுரம் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் 'பிரண்ட்ஸ் ஆப் போலீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பொதுமக்களே காவல்துறைக்குத் தகவல் சொல்லி, ரோந்துக்குத் துணை நின்று, நிலையத்துக்கும் ஊருக்கும் பாலமாக இருக்கவேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். பிறகு மாநிலம் முழுதும் பரவியது. நம் வணிகர் பலரும் சேர்ந்திருந்தனர்.

ஆனால் அது முடிந்த விதத்தை வணிகர்களாகிய நாம் மறக்க முடியாது. 2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்து கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் போலீசார் பிடித்துப் போனார்கள். சில நாட்களுக்குள் இருவருமே உயிரோடு இல்லை. நாம் கடையடைத்தோம். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்த இரவில் நண்பர்கள் குழுவினர் சிலரும் நிலையத்தில் இருந்ததாகப் புகார் எழுந்து, 2020 ஜூலையில் அரசு அந்த அமைப்பையே தடை செய்தது.

சீருடை இல்லாதவருக்கு, சம்பளம் இல்லாதவருக்கு, எந்தக் கோப்பிலும் பெயர் இல்லாதவருக்கு நிலையத்துக்குள் என்ன வேலை என்று யாரும் முன்பே கேட்கவில்லை. ஊர்க்காவல் படை வேறு; அது சட்டப்படி அமைந்தது, அதற்கு ஆள் பதிவு உண்டு. இப்போது கிராமத்துக்கு ஒரு காவலர் என்று பெயர் குறித்து, அவர் கைப்பேசி எண்ணை ஊரில் எழுதி வைக்கும் முறையைச் சில மாவட்டங்களில் பார்க்கிறோம். நம் அபிப்பிராயத்தில் இது மேலானது. தவறு நடந்தால் கேட்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது.

அந்நியர் என்ற பயம்

கிராமப் பாதுகாப்பு என்றால் ஊருக்குள் வரும் புதுமுகத்தை மடக்குவது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். 2018 மே மாதம் இதன் விலையைப் பார்த்தோம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் வட மாவட்டங்களெங்கும் சுற்றிக்கொண்டிருந்த நேரம். குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் நின்றது. காரில் இருந்த வயதான அம்மாள் அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடி அடித்தே கொன்றுவிட்டது. உடன் வந்தவர்களும் படுகாயம் அடைந்தார்கள். பிறகு எத்தனை பேரைக் கைது செய்து என்ன? போன உயிர் போனதுதான்.

நம் விற்பனைப் பையன்களும் ஊருக்கு ஊர் அந்நியர்களே. அந்த மாதம் எங்கள் லைன் வண்டிப் பையன்கள் புது ஊருக்குப் போகவே பயந்தார்கள். கடையின் பெயர், புகைப்படம், எங்கள் தொலைபேசி எண் போட்ட அட்டையை எல்லோர் கழுத்திலும் மாட்டி அனுப்பினோம். இன்றும் அது தொடர்கிறது.

ஊரில் முதன்முதலில் வழி கேட்பவர் கடைக்காரரிடம்தான் கேட்கிறார். ஆகவே வந்தவர் யார், எதற்கு வந்தார் என்பதை முதலில் அறிகிறவரும் கடைக்காரரே. கூட்டம் கூடும்போது 'இவர் கோயிலுக்கு வழி கேட்டார், விடுங்கள்' என்று உரக்கச் சொல்ல அவரால் முடியும். உண்மையிலேயே திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டாலும், கட்டி வைத்து அடிக்க நமக்கு உரிமை இல்லை. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 40-ஆம் பிரிவு, நம் கண்முன் கடுங்குற்றம் செய்தவரைப் பிடிக்க அனுமதிக்கிறது. ஆனால் தாமதமில்லாமல், போனால் ஆறு மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

ஐந்தாயிரம் ரூபாய் கணக்கு

புதிய சட்டத்தில் சில்லறை வணிகர் அறியவேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. அதிகம் பேர் கவனிக்கவில்லை. களவு போன பொருளின் மதிப்பு ரூ.5,000-க்குக் குறைவாக இருந்தால், சாதாரணத் திருட்டு (பாரதிய நியாய சன்ஹிதா 303-ஆம் பிரிவு) போலீசார் நேரடியாக வழக்குப் பதியும் குற்றமாக இருக்காது. புகாரை நிலையக் குறிப்பில் எழுதிவிட்டு, மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்வார்கள். ஆனால் பூட்டை உடைத்துக் கடைக்குள் புகுந்து எடுத்தால் கதை வேறு. சரக்கு வைக்கும் கட்டடத்தில் திருடினால் 305-ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை தண்டனை. இரவில் திருடுவதற்காகப் பூட்டை உடைத்துப் புகுந்தால் 331-ஆம் பிரிவு, பதினான்கு ஆண்டு வரை. இவற்றுக்குத் தொகை எல்லை கிடையாது. ஐந்நூறு ரூபாய் போனாலும் முதல் தகவல் அறிக்கை போட்டாக வேண்டும்.

எங்கள் வாடிக்கைக் கடைக்காரர் ஒருவருக்கு இப்படி நடந்தது. காலையில் பூட்டு அறுபட்டுக் கிடந்தது. பதற்றத்தில் நிலையத்துக்கு ஓடி, 'கடையிலிருந்த பொருட்களைக் காணவில்லை, மதிப்பு சுமார் ரூ.4,500' என்று எழுதிக் கொடுத்தார். பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து எங்களிடம் வந்து 'அண்ணாச்சி, இந்த மாசம் பாக்கி கட்ட முடியாது' என்றார். அதற்கு முந்தைய பத்து நாளில் அவர் எங்களிடம் வாங்கிய பில்களை எடுத்து, கடையில் மிச்சமிருந்ததைக் கழித்துப் பார்த்தோம். போன சரக்கு மட்டும் ரூ.18,000-க்கு மேல் வந்தது. பில் நகல்களையும், பூட்டைப் படம் பிடித்ததையும் வைத்து மறுபடி மனு கொடுக்கச் சொன்னோம். நிலையத்தில் இழுத்தடித்தார்கள். மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். சட்டமே அந்த வழியைத் தந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் எஃப்.ஐ.ஆர். வந்தது. நகல் இலவசம், அதையும் கேட்டு வாங்கினார்.

திருடன் பிடிபட்டானா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் அந்த ஊர் ரோந்துப் பட்டியலில் ஏறிவிட்டது. கடைக்காரர் இப்போது கடைக்காரர் பாலிசி எடுத்திருக்கிறார். அந்தப் பாலிசிக்கும் பூட்டு உடைந்ததற்குச் சாட்சியும் எஃப்.ஐ.ஆரும் வேண்டும் என்பதை உறுப்பினர்கள் கவனிக்கவேண்டும்.

கேமராவும் மலிவுச் சரக்கும்

கேமரா வைப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பல கடைகளில் அது கூரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது; பதிவாகும் பெட்டி கல்லாவுக்கு அடியிலேயே இருக்கிறது. வருகிறவன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போகிறான். பெட்டியைப் பின்பக்க வீட்டில் வையுங்கள். கேமராவை முகம் தெரியும் உயரத்துக்கு இறக்குங்கள். ஒரு கேமராவாவது தெருவைப் பார்க்கட்டும். வாசலில் ஒட்டியுள்ள கியூ.ஆர். அட்டையின் மேல் வேறு அட்டை ஒட்டிப் பணத்தைத் திருப்பும் வேலையும் நடக்கிறது. காலையில் கடை திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்குச் சொல்லவேண்டும்.

இனி, முன்பு பாதியில் விட்ட விஷயம். பண்டல் சிகரெட்டும் வற்றல் மூட்டையும் பில் இல்லாமல், மார்க்கெட் விலைக்குக் கால்வாசி குறைவாக ஒருவர் கொண்டுவந்து இறக்கினால், அது எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாதா? களத்தில் காயப்போட்ட சம்பா வற்றலை இரவோடு இரவாக அள்ளி மண்டியில் போடுகிறார்கள் என்றால், வாங்க ஒரு மண்டி இருப்பதால்தானே? திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் 317-ஆம் பிரிவில் மூன்றாண்டு சிறை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பண்டல் நம் உறுப்பினர் ஒருவர் கடையில் பூட்டை அறுத்து எடுத்ததாக இருக்கும். சங்கம் இதில் கண்டிப்பாக இருக்கவேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. பில் இல்லாத சிகரெட் வாங்கியது தெரிந்தால் அந்தக் கடைக்கு நாம் சரக்கு நிறுத்தவேண்டும்.

தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு. கடைத்தெரு விளக்கு எரியவில்லை என்றால் டீக்கடையில் பேசிப் பயனில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் கம்பத்தின் எண்ணோடு எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். பட்டா புத்தகம் கேட்டு நிலையத்துக்கு மனு எழுதும் உறுப்பினர்கள், கடை இருக்கும் தெரு, பக்கத்து ஊர் போகும் பாதை, கடைசிப் பஸ் வரும் நேரம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால், ரோந்துக்காரருக்கு நேரம் குறிக்க உதவியாக இருக்கும்.