கரண்ட் வைத்து முடிந்த பிறகு

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கரண்ட் வைப்பது எனப்படும் கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஊர் திரும்பியவருக்கு ஒரு வருடம் கழித்து வளையல் ஏற மறுக்கிறது. ரவிக்கையின் ஒரு கை மட்டும் இறுக்குகிறது. வேலை செய்த அலுப்பு என்று வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார்கள், தைலம் தேய்த்து அழுத்தி உருவுகிறார்கள். வீக்கம் இன்னும் கூடுகிறது.

அக்குளில் இருந்த நெறிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை, எடுத்துவிட்டதால் நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்குகிற வீக்கம் அது. சிகிச்சை முடிந்து சில வருடங்கள் கழித்துக்கூட வரும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் மென்மையான நீவல், கட்டு, கைக்கு அளவெடுத்து வாங்கும் அழுத்த உறை, பயிற்சி ஆகியவற்றால் அடக்கி வைக்கலாம். இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தர வேண்டும். அலட்சியமாக விட்டால் தோல் தடித்துப்போகும், சின்னக் கீறல் வழியாகவும் கிருமி ஏறும். கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்தவர்களுக்குத் தாடை இறுகும். பெரும்பாலோருக்குத் தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடியும். அது இரண்டாகக் குறையும்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முழுக்க இறுகிய பிறகு பல் விளக்குவதும் ஒரு வாய் சோறு உண்பதும் போராட்டமாகிவிடும். தாடைப் பயிற்சியைச் சிகிச்சை நடக்கும்போதே தொடங்குவதுதான் முறை. விழுங்கும்போது புரையேறினால் அதற்கும் பயிற்சி உண்டு.

இவற்றையெல்லாம் கூடுதல் வசதியாக நினைப்பது தவறு. மறுவாழ்வும் சிகிச்சைதான். வீட்டாரும் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். பாசத்தில் "படுத்தே இருக்கட்டும்" என்று விடுகிறோம். தசை இளைத்து அசதி கூடுகிறது. மருத்துவர் அனுமதித்தால், தினமும் சிறிது நடப்பது சோர்வைக் குறைக்கும்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் புற்றுநோய் இல்லை. ஆனால் நோயாலோ சிகிச்சையாலோ வந்த நிரந்தரக் குறைபாடு அதில் அடங்கலாம். குரல்வளையை நீக்கியதால் பேச்சிழந்தவரை அச்சட்டம் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. காலை இழந்தவரும் அதில் வருவார். 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று பெற்றால் பல சலுகைகளுக்கு வழி பிறக்கும். பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டது என்பதற்காக அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது பிரிவு 20. தனியார் ஊழியருக்கு இந்த அளவு பாதுகாப்பு இல்லாதது பெரிய குறை.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மனம் சோர்ந்தால் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம், கட்டணமில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது அறுவைக்கு நாள் குறித்திருந்தால், அதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: "இதற்குப் பிறகு என்ன பயிற்சி, யார் சொல்லித்தருவார், எப்போது வரணும்?" பதிலை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள்.